வெளிநாட்டில் வணிக மேற்படிப்பு: அனுபவம் இல்லாத பிள்ளைகளுக்கு எது ஏற்றது?



சென்ற சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, பலசரக்கு வணிகர் ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "அண்ணாச்சி, பையன் வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்கணும் என்கிறான். பி.காம். முடித்து ஆறு மாதந்தான் ஆகிறது. அனுபவமே தேவையில்லை, சீட் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். அட்வான்ஸ் கட்டலாமா?" என்று கேட்டார். நின்றபடியே பதில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல என்பதால், "பத்து நாள் பொறுங்கள், எழுதியே தருகிறேன்" என்றேன். அதுதான் இக்கட்டுரை.

நான் 1976-ல் பழைய எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மதுரை கீழமாசி வீதியில் வற்றல், பருப்பு மண்டியில் உட்கார்ந்தவன். மேற்படிப்பு பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். இந்தச் சரக்கை இரண்டு முறை வாங்கியவன் என்ற தகுதி உண்டு. முதல் முறை விசாரிக்காமல் வாங்கினோம். இரண்டாம் முறை விசாரித்து வாங்கினோம்.

குடோனை விற்ற கதை

2011-ல் என் தம்பி மகன் பட்டப்படிப்பு முடித்த கையோடு லண்டனில் ஒரு கல்லூரிக்கு எம்.பி.ஏ. படிக்கப் போனான். ஒரு வருடப் படிப்பு. அனுபவம் கேட்கவில்லை. "படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்கலாம், போட்ட பணம் வந்துவிடும்" என்று ஏஜெண்ட் சொன்னார். எல்லாம் சேர்த்து 14 லட்சம் ரூபாய். வங்கிக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்.

படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டு வேலை பார்க்க அனுமதித்த விசாவை 2012 ஏப்ரலில் மூடப்போவதாக, பிரிட்டன் அரசு 2011 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது. எங்கள் பையன் விமானம் ஏறியது அந்த வருடம் செப்டம்பரில். ஏஜெண்ட் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வற்றல் மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காத நாங்கள், 14 லட்சத்தை வாய் வார்த்தையில் கொடுத்தோம்.

விசா போனது பாதி நஷ்டம். மீதி நஷ்டம் வகுப்பிலேயே இருந்தது. எம்.பி.ஏ. பாடம் கேள்வி பதிலாக நடப்பது. "உங்கள் நிறுவனத்தில் இந்தச் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று ஆசிரியர் கேட்பார். வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் இவனைப் போலவே கல்லூரி வாசலில் இருந்து நேராக வந்தவர்கள். யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை தேடியபோது எம்.பி.ஏ. சம்பளத்துக்கு அனுபவம் கேட்டார்கள். புதியவர்களுக்கான வேலைக்கோ, "எம்.பி.ஏ. படித்தவர் இதற்கு ஏன் வருகிறார்?" என்று கேட்டார்கள்.

2012 கடைசியில் பையன் திரும்பி வந்தான். வட்டி ஏறிக்கொண்டே போனதால், கீழவாசல் பக்கம் இருந்த குடோனை 2014-ல் விற்றுக் கடனை அடைத்தோம். இன்று அவன்தான் கடையில் பாதிப் பொறுப்பைச் சுமக்கிறான். படிப்பே வீண் என்று அவன் சொல்லமாட்டான். ஆங்கிலமும் வெளியூர்ப் பழக்கமும் வந்தது. ஆனால் அதற்கு ஒரு குடோன் விலை அதிகம்.

எம்.பி.ஏ. வேறு, மேனேஜ்மெண்ட் மாஸ்டர் வேறு

அன்று எங்களுக்குத் தெரியாமல் போன முதல் விஷயம் இது. வெளிநாட்டு வணிக மேற்படிப்பில் அனுபவஸ்தர்களுக்கு ஒன்று, புதியவர்களுக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி ரகம் உண்டு.

எம்.பி.ஏ. என்பது வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு. ஹார்வர்டு, பிரான்சின் இன்சியாட், லண்டன் பிசினஸ் ஸ்கூல் போன்ற இடங்களில் வகுப்பின் சராசரி அனுபவம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு. ஐரோப்பாவில் ஒரு வருடம் அல்லது ஒன்றரை வருடம்.

மேனேஜ்மெண்ட் மாஸ்டர் என்பது பட்டம் முடித்த உடனோ, ஓரிரு வருடத்திற்குள்ளோ வருபவர்களுக்கு. கணக்கியல், நிதி, சந்தை, ஆட்கள் நிர்வாகம் எல்லாம் அடிப்படையில் இருந்து வரும். இடையில் நிறுவனங்களில் சில மாதம் பயிற்சிக்குப் போகும் வாய்ப்பும் பல இடங்களில் உண்டு. பாரிஸ் எச்.இ.சி., செயின்ட் காலன், லண்டன் பிசினஸ் ஸ்கூல், பொக்கோனி, மான்ஹைம் எல்லாவற்றிலும் இந்த ரகம் உண்டு. லண்டன் பிசினஸ் ஸ்கூல் தன் எம்.பி.ஏ.வையும் இதையும் தனித்தனியாகத்தான் நடத்துகிறது. ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையும் இதற்கென 2005 முதல் தனித் தரப்பட்டியல் வெளியிட்டு வருகிறது.

இவை தவிர, நிதி, சரக்குப் போக்குவரத்து, புள்ளிவிவர ஆய்வு என்று ஒரே துறையில் எம்.எஸ்ஸி. படிப்புகளும் உள்ளன. எந்தத் துறை என்று தீர்மானித்துவிட்ட பிள்ளைக்கு இது பொருந்தும். "முதலில் இடம் பிடித்துக்கொள், வேலை பார்த்துவிட்டு வா" என்னும் ஏற்பாடும் உண்டு. ஹார்வர்டின் 2+2 அப்படிப்பட்டது. கடைசி வருடம் படிக்கும்போதே விண்ணப்பித்து, குறைந்தது இரண்டு வருடம் வேலை பார்த்தபின் எம்.பி.ஏ.வில் சேரலாம். போட்டி மிகக் கடுமை.

ஆகவே, அனுபவம் கேட்காத எம்.பி.ஏ. என்று யாராவது சொன்னால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வகுப்பில் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். நமக்கு அக்மார்க் முத்திரை போல, வணிகப் பள்ளிகளுக்கு ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், அம்பா என்று மூன்று முத்திரைகள் உண்டு. இவற்றில் அம்பா, எம்.பி.ஏ.வில் சேருபவருக்கு வேலை அனுபவம் இருக்கவேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறது. புதியவர்களுக்கான மாஸ்டர் படிப்புக்குத் தனி முத்திரை கொடுக்கிறது.

வணிகர்கள் தொடங்கிய பள்ளிகள்

ஐரோப்பாவில் இளம் பிள்ளைகளுக்கான வணிகப் படிப்பு வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே இப்பள்ளிகளைத் தொடங்கியவர்களில் பலர் நம்மைப் போன்ற வணிகர்கள். பாரிஸில் 1819-ல் தொடங்கிய ஈ.எஸ்.சி.பி. பள்ளியைப் பின்னாளில் 1869-ல் அந்நகர வணிகர் சங்கம் ஏற்று நடத்தியது. அதே சங்கம் 1881-ல் எச்.இ.சி.யைத் தொடங்கியது. வணிகர் வீட்டுப் பிள்ளைகள் தொழிலுக்கு வருமுன் முறையாகக் கற்க வேண்டும் என்பதே நோக்கம்.

இத்தாலியின் மிலான் நகரில் ஃபெர்டினாண்டோ பொக்கோனி என்பவர் துணிக் கடையைப் பெரிய பல்பொருள் அங்காடியாக வளர்த்தவர். அவர் மகன் லூயிஜி, 1896-ல் எத்தியோப்பியாவில் நடந்த அட்வா போரில் மறைந்தார். மகன் நினைவாக அந்த வணிகர் 1902-ல் தொடங்கியதுதான் பொக்கோனி பல்கலைக்கழகம். கடை வருமானத்தில் பிறந்த கல்விக்கூடம். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்களில் மகமைப் பணத்தில் எழுந்த பள்ளிக்கூடங்கள் நினைவுக்கு வந்தன.

1999-ல் ஐரோப்பிய நாடுகள் போலோன்யாவில் கூடி, இளங்கலை, முதுகலை என்று ஒரே மாதிரிப் படிநிலை கொண்டுவர ஒப்புக்கொண்டன. அதன்பின் ஆங்கிலத்தில் நடக்கும் மாஸ்டர் படிப்புகள் பெருகி, நம் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது.

நம் பட்டம் செல்லுமா?

பி.காம்., பி.பி.ஏ. நமக்கு மூன்று வருடம். ஐரோப்பாவிலும் இளங்கலை பெரும்பாலும் மூன்று வருடமே என்பதால் அங்கு பல இடங்களில் இதை ஏற்கிறார்கள். அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டம் கேட்கும் இடங்கள் உண்டு. பணம் கட்டுமுன் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் இன்னொரு சல்லடையும் உண்டு. பட்டம் இருந்தால் மட்டும் போதாது. கணக்கியலில் இத்தனை, பொருளாதாரத்தில் இத்தனை, கணிதம் புள்ளியியலில் இத்தனை என்று பாட அளவு பார்ப்பார்கள். மேலும் 2022 நவம்பர் முதல், இந்திய மாணவர்கள் விசாவுக்குமுன் ஏ.பி.எஸ். என்னும் சான்றிதழ் சரிபார்ப்பை முடித்திருக்க வேண்டும். இதற்குக் கால அவகாசம் விட்டுத் திட்டமிடுங்கள்.

நுழைவுத் தேர்வில் ஜிமேட், ஜி.ஆர்.இ. இரண்டும் பரவலாக ஏற்கப்படுகின்றன. ஜிமேட் 2023 இறுதியில் புதிய முறைக்கு மாறியது. இப்போது இரண்டேகால் மணி நேரம், மூன்று பகுதிகள், மதிப்பெண் 205 முதல் 805 வரை. இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணும் ஐந்து வருடம் செல்லும். ஆங்கிலத்துக்கான ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டு வருடமே செல்லும். அனுபவம் குறைந்த பிள்ளைக்கு இந்த மதிப்பெண்தான் கையிருப்பு. இதில் செலவிடும் ஆறு மாதம் வீண் போகாது.

கடை அனுபவம் அனுபவம் ஆகுமா?

இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிய கேள்வி. ஆகும். ஆனால் நாம் வைத்திருக்கும் விதத்தில் ஆகாது.

பையன் காலையில் கடை திறக்கிறான், மாலையில் வசூலுக்குப் போகிறான், ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறான். எதற்கும் தாள் இல்லை. கைச்செலவுக்கு வாங்கும் பணம் சம்பளம் ஆகாது. வெளிநாட்டுக் கல்லூரிக்கு இவன் இரண்டு வருடம் சும்மா இருந்தவனாகத்தான் தெரிவான். பட்டம் முடித்தபின் முழுநேரமாகக் கடையில் இருக்கும் பிள்ளைக்கு நியமனக் கடிதம் கொடுங்கள். சம்பளத்தை வங்கி வழியே போடுங்கள். கணக்கில் காட்டுங்கள். பொறுப்பு இன்னது என்று எழுதி வையுங்கள்.

சிபாரிசுக் கடிதம் தகப்பனார் எழுதினால் எடுபடாது. ஆடிட்டர், வங்கி மேலாளர், நமக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் அதிகாரி போன்ற உறவல்லாதவர் எழுத வேண்டும். அவர்கள் எழுதும் அளவுக்குப் பிள்ளை அவர்களோடு வேலை செய்திருக்கவும் வேண்டும்.

எம்.பி.ஏ.தான் வேண்டும் என்று பிள்ளை உறுதியாக இருந்தால், இரண்டு மூன்று வருடம் வெளியே ஒரு நிறுவனத்தில் வேலைக்கு அனுப்புங்கள். இன்னொருவரிடம் கைகட்டிச் சம்பளம் வாங்கும் பாடம் கடைக்கும் உதவும்.

செலவுக் கணக்கு

கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்து விலை மலிவு என்று நினைக்கக்கூடாது. இறங்கு கூலி, ஏற்று கூலி, லாரி வாடகை சேர்த்துத்தானே நாம் அடக்க விலை போடுகிறோம்!

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. மான்ஹைம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில் இருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். நான்கு பருவத்துக்கு 6,000. விசாவுக்காக, மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய ஒரு கணக்கில் ஆண்டுச் செலவை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோ என்று நிர்ணயித்தார்கள். இரண்டு ஆண்டுக்கு 23,808. ஆக மொத்தம் 29,808 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 30 லட்சம். விமானம், தேர்வுக் கட்டணம் தனி. சிக்கனமான வழிக்கே இந்தக் கணக்கு. பெரிய தனியார் பள்ளிகளில் கல்விக் கட்டணமே இதைத் தாண்டிவிடும்.

30 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 39,600 ரூபாய். படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஏழரை லட்சத்துக்கு மேல் அரசு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும்.

சொந்தப் பணத்தை அனுப்பினால், 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி முன்வரி பிடிக்கும். அதை ரிட்டனில் கழித்துக்கொள்ளலாம். வங்கிக் கல்விக் கடனில் கட்டினால் இந்தப் பிடித்தம் இல்லை.

நாணய மாற்றும் நம்மைக் கடிக்கும். 2011-ல் நாங்கள் கட்டியபோது ஒரு பவுண்டு ஏறத்தாழ 75 ரூபாய். 2025-ல் அது 115 ரூபாயைத் தாண்டியது. இரண்டாம் வருடக் கட்டணத்தை இன்றைய மாற்றுவிலையில் கணக்கிடாமல், பத்து சதவீதம் கூட்டியே போடுங்கள்.

அங்கே சம்பாதித்து அடைக்கலாம் என்ற நம்பிக்கையில் கடன் வாங்குபவர்கள் விசா விதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிரிட்டன் 2021-ல் படிப்புக்குப்பின் இரண்டு வருட அனுமதியை மறுபடி கொண்டுவந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் மாஸ்டர் மாணவர்களுக்கு அதை 18 மாதமாகக் குறைப்பதாக 2025-ல் அறிவித்திருக்கிறது. ஜெர்மனியில் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஆனால் அங்கே ஜெர்மன் மொழி தெரியாமல் வணிகத் துறையில் வேலை கிடைப்பது கடினம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். கடைவீதி ஜெர்மனில்தான் நடக்கும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. வகுப்பில் சராசரி அனுபவம் எத்தனை ஆண்டு? புதியவர்கள் எத்தனை பேர்?

2. போன வருடம் படித்தவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை மாதத்தில் வேலை கிடைத்தது? எல்லோரையும் கேட்டுப் போட்ட கணக்கா, பதில் சொன்னவர்களை மட்டும் வைத்துப் போட்டதா? அதில் வெளிநாட்டு மாணவர்கள் நிலை என்ன?

3. நம் நாட்டில் இருந்து, அனுபவம் இல்லாமல் போய்ப் படித்த மூன்று பேரிடம் பேச முடியுமா? அதில் வேலை கிடைக்காத ஒருவராவது இருக்கவேண்டும். கல்லூரி தராவிட்டால் லிங்க்ட்இன் மூலம் பிள்ளையே தேடிப் பிடிக்கட்டும்.

4. மேற்சொன்ன முத்திரைகளில் எது உண்டு? அந்த முத்திரை நிறுவனத்தின் பட்டியலிலேயே கல்லூரியின் பெயர் இருக்கிறதா?

5. ஏஜெண்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? பல கல்லூரிகள் ஏஜெண்டுக்குக் கமிஷன் தருகின்றன. தவறில்லை, நமக்கும் தரகர் உண்டு. ஆனால் தரகு யார் தருகிறாரோ அவர் சரக்கைத்தான் தரகர் புகழ்வார்.

6. படித்துவிட்டுப் பிள்ளை என்ன செய்யப் போகிறான்? கடைக்குத் திரும்புவது உறுதி என்றால், வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பிப் பெரிய கடன் வாங்கக்கூடாது. கடை வருமானம் தாங்கும் அளவே செலவு செய்யுங்கள்.

என் பேத்தியின் கதை

என் மகள் வயிற்றுப் பேத்தி 2023-ல் பி.காம். முடித்தாள். எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்றாள். அதே லண்டன் கதையை வேறொரு ஏஜெண்ட் சொன்னார். "முதலில் இரண்டு வருடம் மண்டியில் சம்பளத்துக்கு இரு தாயி, அதற்குள் விசாரிப்போம்" என்றேன். முகம் வாடினாலும் இருந்தாள்.

வந்த முதல் வருடத்தில் 90 நாள் தாண்டிய பாக்கிகளை மட்டும் தனியே எடுத்துத் தேதி வாரியாகப் பட்டியல் போட்டாள். யாருக்குத் தவணை கொடுக்கலாம், யாருக்கு இனி ரொக்கம் மட்டும் என்று பிரித்தாள். நாற்பது வருடமாக நான் மனக்கணக்காக வைத்திருந்தது தாளில் வந்தது. பழைய பாக்கியில் பாதிக்கு மேல் வசூலாயிற்று. அதையே தன் விண்ணப்பக் கட்டுரையில் எழுதினாள். ஆடிட்டர் சிபாரிசு கொடுத்தார்.

விசாரித்ததில், அவள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மேனேஜ்மெண்ட் மாஸ்டரே பொருத்தம் என்று தெரிந்தது. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் புள்ளியியல் பாட அளவு குறைவு என்று திருப்பி அனுப்பியது. இன்னொன்று ஏற்றது. பாதி கையிருப்பு, பாதி வங்கிக் கடன். 2025 அக்டோபரில் வகுப்பு தொடங்கியது. போகுமுன்பே இங்கே ஜெர்மன் மொழியில் இரண்டு நிலை முடித்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். ஒரு நாள், "தாத்தா, இன்று வகுப்பில் கடன் வசூல் பற்றிப் பாடம். நம்ம மண்டிப் பாக்கிக் கதையைச் சொன்னேன். அரை மணி நேரம் அதையே பேசினார்கள்" என்றாள். என் தம்பி மகனும் அருகில் இருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கடைப் பையன்களுக்கு டீ சொல்லிவிட்டு வந்தான்.

வேலை கிடைக்குமா, திரும்பி வருவாளா என்பதெல்லாம் இனித்தான் தெரியும். கடன் தவணை எப்போது தொடங்கும் என்ற தேதி மட்டும் என் காலண்டரில் குறித்திருக்கிறது. அவளுக்கு வேலை கிடைக்காவிட்டாலும் கடை அதைத் தாங்கும் என்று கணக்குப் போட்ட பிறகே கையெழுத்துப் போட்டேன்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளில் வெளிநாட்டில் படித்தவர், படிப்பவர் பட்டியல் ஒன்றை, அவரவர் சம்மதத்தோடு சங்க அலுவலகத்தில் வைக்கலாம். எந்தப் படிப்பு, எவ்வளவு செலவு, என்ன பலன் என்று நல்லதும் கெட்டதும் அதில் இருக்கட்டும். முதல் பெயராக என் தம்பி மகன் பெயரையும், அடுத்ததாக என் பேத்தி பெயரையும் எழுதிக்கொள்ளலாம். இருவரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

பலசரக்கு வணிக நண்பருக்கு என் பதில்: அட்வான்ஸ் இப்போது கட்ட வேண்டாம். மேலே உள்ள ஆறு கேள்விகளையும் பையனையே கல்லூரிக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் கடைக்கு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.